ஆங்கிலேயக் குடும்பத்தின் வம்சாவளியைப் பாரிஷ் பதிவேடுகளில் தேடுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஆங்கிலேய வம்சாவளி தேட உட்காருபவர்களில் பலர் முதலில் செய்வது, குடும்பப் பெயரை ஏதாவது ஓர் இணையதளத்தில் தட்டி, வருவதையெல்லாம் அள்ளிக்கொள்வதுதான். ஒரே மாலையில் 1600 வரைக்கும் மரம் வளர்ந்துவிடும். அதில் பாதிக் கிளைகள் வேறு யாரோ ஒருவருடைய குடும்பமாக இருக்கும். இந்த வழிகாட்டி பெயருக்குப் பின்னால் போகாமல் ஊருக்குப் பின்னால் போகிறது. ஒரு குடும்பம் எந்தப் பாரிஷில் இருந்தது என்று தெரிந்துவிட்டால், அந்த ஊரின் ஆவணங்களே அடுத்த தலைமுறையைக் காட்டிக்கொடுக்கும்.

பாரிஷ் என்றால் ஆங்கிலத் திருச்சபையின் ஒரு சர்ச்சும் அதற்கு உட்பட்ட ஊர்களும். 19-ஆம் நூற்றாண்டு வரை ஏழைகளுக்கு உதவித் தொகை கொடுப்பது, சாலை போடுவது போன்ற உள்ளூர் நிர்வாகமும் அதன் கையில்தான் இருந்தது. கீழே சொல்வது இங்கிலாந்துக்கு மட்டும் பொருந்தும். ஸ்காட்லாந்து, அயர்லாந்து ஆவணங்களின் போக்கு வேறு. கல்யாண உறவால் ஆங்கிலேயக் குடும்பத்தோடு சேர்ந்தவர், ஆங்கிலோ இந்தியக் குடும்பத்தின் வேரைத் தேடுபவர், குடியிருக்கும் கிராமத்தின் பழைய குடும்பம் ஒன்றை ஆராய்பவர் என்று யாராக இருந்தாலும் வரிசை ஒன்றுதான். உதாரணம் தேவைப்படும் இடங்களில் ஷேக்ஸ்பியரின் குடும்பத்தை எடுத்துக்கொள்கிறேன். அவர்கள் ஸ்ட்ராட்ஃபோர்ட் என்ற ஊரின் சாதாரண வணிகக் குடும்பம்தான், ஆனால் அவர்களைப் பற்றிய ஆவணங்கள் எல்லாமே நூற்றாண்டுக்கணக்கில் அலசப்பட்டவை.

1. தொடங்கும் முன்

வீட்டில் இருக்கும் சான்றிதழ்கள், குடும்ப பைபிளின் முதல் பக்கங்கள், பழைய கடிதங்கள், படங்களின் பின்பக்க எழுத்து எல்லாவற்றையும் படம் எடுத்து வையுங்கள். வயதானவர்களிடம் பேசும்போது "உங்கள் தாத்தா பெயர் என்ன?" என்பதோடு நிறுத்தாமல், "லீவுக்கு எந்த ஊருக்குப் போவீர்கள்? யாருடைய சாவுக்குப் போனீர்கள்?" என்று கேளுங்கள். பெயர் மறந்தவர்களுக்கும் ஊர் நினைவில் இருக்கும்.

அடுத்து, ஒரு தேடல் பதிவு. நோட்டுப் புத்தகமோ எக்ஸெல் தாளோ போதும். எந்தப் பதிவேடு, எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை, என்ன கிடைத்தது, என்ன கிடைக்கவில்லை என்பதை எழுதிக்கொண்டே வாருங்கள். கிடைக்காததை எழுதுவது முக்கியம்; பின்னால் வரும் 6-ஆம் படி முழுக்க அதன் மேல்தான் நிற்கிறது.

பணம் கட்டும் தளங்களில் உடனே சேர வேண்டாம். ஃபேமிலிசர்ச், ஃப்ரீபிஎம்டி, ஃப்ரீரெஜ் ஆகியவை இலவசம். ஆன்சஸ்ட்ரி, ஃபைண்ட்மைபாஸ்ட் போன்றவற்றை இங்கிலாந்தின் பல பொது நூலகங்களில் உறுப்பினர்கள் காசில்லாமல் பார்க்கலாம்.

2. 1837 வரை: அரசுப் பதிவுகள்

இங்கிலாந்தில் பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றை அரசு பதிவுசெய்யத் தொடங்கிய நாள் 1837 ஜூலை 1. தெரிந்த ஆளிலிருந்து ஒவ்வொரு தலைமுறையாக அந்தத் தேதி வரை பின்னால் போங்கள். இடையில் ஒரு தலைமுறையைக்கூடத் தாண்டக் கூடாது. "எங்கள் முன்னோர் ஒரு பிரபு" என்ற வீட்டுக் கதையை நம்பி மேலிருந்து கீழே இறங்கி வந்தால், உங்கள் குடும்பத்தை அந்தப் பிரபுவோடு எப்படியாவது ஒட்ட வைக்கத்தான் கை போகும்.

பிறப்புச் சான்றிதழில் தாயின் பிறந்த வீட்டுப் பெயர் இருக்கும். திருமணச் சான்றிதழில் மணமக்கள் இருவரின் தந்தை பெயரும் தொழிலும் இருக்கும். அதனால் திருமணச் சான்றிதழ்தான் காசுக்கு அதிகம் பெறுமானது. தாயின் பெயர் அதில் சேர்ந்தது 2021 மே மாதத்தில்தான்.

புதியவர்கள் இங்கே வழுக்கும் இடங்கள் மூன்று. ஒன்று, இன்டெக்ஸ் காலாண்டு வாரியாக இருக்கிறது. பிறப்பைப் பதிய 42 நாள் அவகாசம் உண்டு என்பதால், டிசம்பரில் பிறந்த குழந்தை அடுத்த ஆண்டின் முதல் காலாண்டில் இருக்கலாம். இரண்டு, பதிவு மாவட்டம் வேறு, பாரிஷ் வேறு. இன்டெக்ஸில் வருவது மாவட்டத்தின் பெயர். ஊர் தெரிய சான்றிதழையே வாங்க வேண்டும். மூன்று, 1875 வரை பதியாத பெற்றோருக்கு அபராதம் இல்லாததால் விடுபட்ட பிறப்புகள் உண்டு. இல்லாத சான்றிதழைத் தேடி மாதக்கணக்கில் உட்காராமல் ஞானஸ்நானப் பதிவுக்குப் போய்விடுங்கள்.

அப்புறம், பழைய அச்சு இன்டெக்ஸில் தாயின் பிறந்த வீட்டுப் பெயர் 1911-இன் மூன்றாம் காலாண்டிலிருந்துதான் வரும். ஜி.ஆர்.ஓ. எனப்படும் பொதுப் பதிவு அலுவலகத்தின் சொந்த இணைய இன்டெக்ஸில் அது 1837-இலிருந்தே இருக்கிறது. ஒரே தம்பதியின் பிள்ளைகளை ஒரே பட்டியலில் திரட்ட அதைவிட வேகமான வழி இல்லை.

3. சென்சஸ்: ஊர்ப் பெயரைப் பிடிப்பது

பத்தாண்டுக்கு ஒருமுறை எடுக்கப்பட்ட சென்சஸில் நமக்கு உதவுவன 1841 முதல் 1921 வரை உள்ளவை. 1931-இன் தாள்கள் 1942-இல் தீயில் போயின. 1941-இல் போரால் சென்சஸே எடுக்கவில்லை. அந்த இடைவெளியை 1939-இல் எடுத்த தேசியப் பதிவேடு ஓரளவு நிரப்பும்.

முக்கியமானது 1851. அதில்தான் முதன்முறையாகப் பிறந்த பாரிஷும் குடும்பத் தலைவருக்கு என்ன உறவு என்பதும் எழுதப்பட்டன. 1841-இல் உறவு இல்லை. பிறந்த இடம் "இதே கவுண்டியா, ஆமா இல்லையா" என்ற அளவில்தான் இருக்கும் (கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்ற பகுதி). 15 வயதுக்கு மேற்பட்டவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதச் சொன்னார்கள். 1841-இல் 35 என்றிருந்தால் ஆளுக்கு 35 முதல் 39 வரை எதுவும் இருக்கலாம். இதைத் தெரியாமல் பிறந்த ஆண்டைக் கணக்கிட்டவர்கள் அடுத்த படியில் தவறான குழந்தையைப் பிடிப்பார்கள்.

ஒருவருக்கு எத்தனை சென்சஸ் கிடைக்கிறதோ அத்தனையையும் எடுத்து அருகருகே வையுங்கள். பிறந்த ஊர் ஒன்றில் கிராமமாகவும் மற்றொன்றில் பக்கத்து நகரமாகவும் இருக்கும். வெளியூரில் குடியிருந்தவர் ஊரார் அறிந்த பெரிய ஊரைச் சொல்லிவிடுவார். சிறிய ஊர்ப் பெயர்தான் பெரும்பாலும் சரி. பிள்ளைகளின் பிறந்த ஊர்களை வயது வரிசையில் வைத்தால் குடும்பம் எந்தப் பாதையில் நகர்ந்தது என்பது கிடைக்கும்.

உறவுச் சொற்களில் ஒரு கண் வேண்டும். பழைய சென்சஸில் "சன் இன் லா" என்று எழுதியவர் மருமகனாகவும் இருக்கலாம், மனைவியின் முந்தைய கணவருக்குப் பிறந்த பிள்ளையாகவும் இருக்கலாம். வயதைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

4. பதிவேட்டைத் திறக்கும் முன் வரைபடம்

இந்தப் படியைத் தாண்டிப் போகாதவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. ஊர்ப் பெயர் கிடைத்ததும் நேரே அந்தச் சர்ச்சின் பதிவேட்டுக்குள் புகுந்து, ஆள் இல்லை என்றதும் 200 மைல் தள்ளி அதே பெயரில் கிடைப்பவரை எடுத்துக்கொள்வார்கள். ஆள் பக்கத்து பாரிஷில் மூன்று மைல் தூரத்தில் இருந்திருப்பார்.

வரைபடத்தில் ஊரைச் சுற்றி ஐந்து மைலுக்கு ஒரு வட்டம் போடுங்கள். அதற்குள் இருக்கும் பாரிஷ்களையும் வாரச் சந்தை கூடிய ஊரையும் குறியுங்கள். கூலி வேலை, பெண் எடுப்பது, சந்தை எல்லாம் பெரும்பாலும் அந்த வட்டத்துக்குள் நடந்தன. வட்டம் கவுண்டி எல்லையைத் தாண்டினால் இரண்டு காப்பகங்களில் தேட வேண்டியிருக்கும். வட இங்கிலாந்தில் ஒரே பாரிஷுக்குள் பல ஊர்களும் தனிச் சிற்றாலயங்களும் இருந்தன; ஞானஸ்நானம் சிற்றாலயத்தில், திருமணம் தாய்ச் சர்ச்சில் என்று பதிவுகள் பிரிந்து கிடக்கும்.

இதற்கு வேண்டியவை இலவசம். ஆர்ட்னன்ஸ் சர்வே என்ற அரசு நில அளவை நிறுவனத்தின் பழைய வரைபடங்கள் ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் தளத்தில் இங்கிலாந்துக்கும் சேர்த்தே இருக்கின்றன. பாரிஷ் எல்லைகளுக்கு ஃபேமிலிசர்ச்சில் 1851-இன் வரைபடம் உண்டு. ஊரின் வரலாற்றுக்கு ஜெனுகி தளத்தையும், 1899-இல் தொடங்கி இன்னும் முடியாத விக்டோரியா கவுண்டி வரலாற்றுத் தொகுதிகளையும் பாருங்கள். அந்தப் பாரிஷ் எந்த மறைமாவட்டத்தில், அதாவது எந்த ஆயரின் ஆளுகைக்குள், இருந்தது என்பதையும் இப்போதே குறித்துக்கொள்ளுங்கள். உயில்களும் திருமண உரிமங்களும் அதன்படிதான் பிரிந்து கிடக்கின்றன.

5. பாரிஷ் பதிவேட்டைப் படிப்பது

1538-இல் எட்டாம் ஹென்றி மன்னரின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல்லின் ஆணையால் பதிவேடுகள் தொடங்கின. ஆனால் பல ஊர்களில் 1558-க்கு முன்னால் ஒன்றும் மிஞ்சவில்லை. 1598-இல் பழைய தாள் பதிவுகளைத் தோல் ஏடுகளில் படியெடுக்கச் சொன்னார்கள். குறிப்பாக 1558-க்குப் பிந்தையவற்றை. ஸ்ட்ராட்ஃபோர்டின் பதிவேடு 1558-இல் தொடங்குவது அதனால்தான். ஷேக்ஸ்பியரின் 1564 ஏப்ரல் 26 ஞானஸ்நானப் பதிவு என்று நாம் பார்ப்பதும் 1600-இல் எடுத்த படி. படியெடுப்பவர் வரியைத் தவறவிடலாம், பெயரை மாற்றிப் படிக்கலாம். பழைய பதிவில் ஒரு கையெழுத்தே பல பத்தாண்டுகளுக்கு நீண்டால், அது படி என்று புரிந்துகொள்ளுங்கள்.

எந்தக் காலத்தில் எவ்வளவு விவரம் கிடைக்கும் என்பதை முன்பே தெரிந்து வைத்தால் ஏமாற்றம் குறையும். 1813 முதல் அச்சிட்ட படிவம். ஞானஸ்நானத்தில் பெற்றோர் பெயர், குடியிருப்பு, தந்தையின் தொழில் இருக்கும். அடக்கத்தில் வயது இருக்கும். 1754 முதல் திருமணத்துக்குத் தனிப் புத்தகம், அதில் மணமக்களின் கையெழுத்து அல்லது கைக்குறி, சாட்சிகள். அதற்கு முன்னால் பல ஊர்களில் ஒரே வரிதான். சில சமயம் ஞானஸ்நானத்தில் தாயின் பெயர்கூட இருக்காது. 1733-க்கு முன் லத்தீனும் கலந்து வரும், ஆனால் "ஃபிலியுஸ்" மகன், "ஃபிலியா" மகள், "செபுல்துஸ்" அடக்கம் செய்யப்பட்டவர் என்ற மாதிரி ஒரு டஜன் சொற்கள் போதும்.

தேதிதான் பெரிய கண்ணி. 1752 வரை ஆங்கிலேய ஆண்டு மார்ச் 25-இல் தொடங்கியது. ஷேக்ஸ்பியரின் இரட்டைப் பிள்ளைகள் ஹேம்னெட், ஜூடித் ஆகியோரின் ஞானஸ்நானம் பதிவேட்டில் 1584 பிப்ரவரி 2. நம் கணக்கில் அது 1585. இதைக் கவனிக்காதவருக்குத் தாய் இறந்த பிறகு பிள்ளை பிறந்ததாகவோ, கல்யாணத்துக்கு முன்பே பிறந்ததாகவோ தோன்றும். ஜனவரி முதல் மார்ச் 24 வரை வரும் தேதிகளை 1584/85 என்று இரண்டு ஆண்டும் தெரிய எழுதுங்கள்.

1653 முதல் 1660 வரை மன்னராட்சி இல்லாத காலத்தில் பல பதிவேடுகள் ஓட்டையாக இருக்கும். 1783 முதல் 1794 வரை ஒவ்வொரு பதிவுக்கும் மூன்று பென்ஸ் முத்திரை வரி இருந்தது. பரம ஏழைகளுக்கு மட்டும் விலக்கு. வரிக்கு முன்பே அவசரமாகச் செய்த ஞானஸ்நானங்களும், வரி முடியக் காத்திருந்து மூன்று பிள்ளைகளுக்கு ஒரே நாளில் செய்தவையும் உண்டு. ஞானஸ்நானத் தேதியைப் பிறந்த தேதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு இதுவே போதும்.

பதிவேட்டில் பக்கம் கிழிந்திருந்தால் ஆயருக்கு ஆண்டுதோறும் அனுப்பிய நகல்களைப் பாருங்கள். இன்டெக்ஸில் கிடைத்தாலும் மூலப் பக்கத்தின் படத்தைத் திறக்காமல் விடாதீர்கள். ஓரத்தில் எழுதிய "ஏழை", "முறைகேடாகப் பிறந்தவர்", "இந்த ஊரார் அல்ல" போன்ற குறிப்புகள் இன்டெக்ஸுக்கு வருவதில்லை.

6. ஒரே பெயரில் பலர்: கழித்துக் கழித்து நிரூபிப்பது

அடித்தளமே இதுதான், அதிகம் இடறும் இடமும் இதுதான். இங்கிலாந்தில் ஆண்களுக்கு ஜான், வில்லியம், தாமஸ் என்று சில பெயர்களே திரும்பத் திரும்ப வரும். பொருந்தும் பெயரில், பொருந்தும் ஆண்டில், ஒரு ஞானஸ்நானம் கிடைத்ததும் "கண்டுபிடித்துவிட்டேன்" என்று துள்ளுவார்கள். கிடைத்தது இன்னும் சந்தேகத்துக்குரிய ஆள்தான். அவரேதான் என்று நிரூபிக்கும் வேலை அதற்குப் பிறகே தொடங்குகிறது.

முதலில், நீங்கள் வரைந்த வட்டத்துக்குள் அந்தப் பெயரில், முன்பின் ஐந்து ஆண்டுகளுக்குள் ஞானஸ்நானம் பெற்ற எல்லாரையும் பட்டியலிடுங்கள். பிறகு ஒவ்வொருவரையும் கழிக்கப் பாருங்கள். குழந்தையிலேயே அடக்கம் ஆனாரா? ஷேக்ஸ்பியரின் மகன் ஹேம்னெட் 1596 ஆகஸ்டில் 11 வயதில் அடக்கம் செய்யப்பட்டான். அந்த வரியைப் பார்க்காத ஒருவர் அவனுக்குக் கல்யாணமே பண்ணி வைத்திருப்பார். அதே ஊரில் வேறு பெண்ணைக் கட்டி வேறு பிள்ளைகளைப் பெற்றாரா? தந்தையின் உயிலில் வேறு ஊரில் இருப்பதாக வருகிறாரா? யாரைக் கழிக்க முடியவில்லையோ அவர்தான் உங்கள் ஆள். இருவர் மிஞ்சினால் இருவரையும் எழுதி வையுங்கள். பிடித்தவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை நமக்கு இல்லை.

இறந்த பிள்ளையின் பெயரை அடுத்த பிள்ளைக்கு வைப்பது அங்கே சகஜம். ஒரே தம்பதிக்கு இரண்டு மேரி இருந்தால் முதல் மேரியின் அடக்கத்தைத் தேடுங்கள்.

ஒரே ஊரில், ஒரே காலத்தில், ஒரே பெயரில் இருவர் இருந்தால் எப்படிப் பிரிப்பது? ஸ்ட்ராட்ஃபோர்டிலேயே இது நடந்தது. ஷேக்ஸ்பியரின் தந்தை ஜானுக்குப் பத்துப் பிள்ளைகள் என்று 1709-இல் வந்த வாழ்க்கைக் குறிப்பு சொன்னது. பின்னால் வந்த ஆய்வாளர்கள் பதிவேட்டை நிதானமாகப் பார்த்தபோது, அந்த ஊரில் செருப்புத் தைக்கும் தொழிலாளி ஒருவரும் ஜான் ஷேக்ஸ்பியர் என்ற பெயரில் இருந்தது தெரிந்தது. கவிஞரின் தந்தை 1568-இல் ஊரின் பெய்லிஃபாக, அதாவது நகரத் தலைவராக இருந்தார். அதன்பின் பிறந்த அவர் பிள்ளைகள் பலரின் பதிவில் தந்தையின் பெயருக்கு முன்னால் "மிஸ்டர்" அல்லது "மாஜிஸ்தர்" என்ற மரியாதை அடை வருகிறது. செருப்புத் தொழிலாளியின் பிள்ளைகளுக்கு அது இல்லை. கடைசியில் கவிஞரின் தந்தைக்குப் பிள்ளைகள் எட்டுதான் என்று ஆனது. அடைமொழி, தொழில், குடியிருப்பு, கையெழுத்தா கைக்குறியா என்ற வித்தியாசம், சாட்சியாக நின்றவர் பெயர்: ஆளைப் பிரிப்பது இவைதான், பெயர் அல்ல.

எழுத்தரும் தவறு செய்வார். 1582 நவம்பர் 27-இல் வூஸ்டர் ஆயரின் பதிவில் ஷேக்ஸ்பியரின் மணமகள் டெம்பிள் கிராஃப்டனைச் சேர்ந்த ஆன் வாட்லி. மறுநாள் எழுதிய 40 பவுண்ட் பிணைப் பத்திரத்தில் அவர் ஸ்ட்ராட்ஃபோர்டின் ஆன் ஹாத்வே. இரண்டு காதலிகள் என்று கதை கட்டியவர்கள் உண்டு. எழுத்தரின் கைப்பிழை என்பதே பெரும்பாலான ஆய்வாளர்களின் முடிவு. இந்த நிகழ்விலிருந்து இன்னொன்றும் எடுத்துக்கொள்ளலாம். மூன்று ஞாயிறும் சர்ச்சில் ஓலை, அதாவது கல்யாண அறிவிப்பு, வாசித்துச் செய்யும் கல்யாணம் ஒரு வகை. அவசரக்காரர்களும் வசதியுள்ளவர்களும் ஆயரிடம் உரிமம் வாங்குவது இன்னொரு வகை. சர்ச் பதிவேட்டில் திருமணம் இல்லையென்றால் உரிமத்துக்கான பிணைப் பத்திரத்தை மறைமாவட்ட ஆவணங்களில் தேடுங்கள். ஷேக்ஸ்பியரின் கல்யாணத்துக்கும் நமக்குக் கிடைத்திருப்பது அந்தப் பத்திரங்கள்தான்.

7. ஏழைகளைத் தேடுபவர்களுக்கு: பாரிஷ் பெட்டி

கூலிக்காரக் குடும்பம் என்றால் ஆவணமே இருக்காது என்று பலர் கைவிட்டுவிடுகிறார்கள். உண்மையில் ஏழையைப் பற்றி பாரிஷ் நிறைய எழுதியது, செலவு அதனுடையது என்பதால். அந்தத் தாள்களைச் சர்ச்சில் ஒரு பெட்டியில் வைத்திருந்தார்கள்; பாரிஷ் பெட்டி என்பது அதுதான். 1662-இன் குடியிருப்பு உரிமைச் சட்டப்படி, கஷ்டப்பட்டு உதவி கேட்பவரைச் சட்டப்படி அவர் எந்தப் பாரிஷுக்கு உரியவரோ அங்கே திருப்பி அனுப்பலாம். அதைத் தீர்மானிக்க அவரை உட்கார வைத்து விசாரித்தார்கள். பிறந்த ஊர், தந்தையின் ஊர், எந்தப் பண்ணையில் ஓர் ஆண்டு முழுக்க வேலை பார்த்தார், எங்கே தொழில் பழகினார், எப்போது கல்யாணம் என்று ஒரு மனிதரின் பாதி வாழ்க்கை ஒரே தாளில் இருக்கும்.

குடும்பம் திடீரென ஒரு பாரிஷில் முளைத்து, எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் நிற்கும்போது நான் முதலில் பார்க்கச் சொல்வது இந்த விசாரணைத் தாள்களையும் வெளியேற்ற ஆணைகளையும்தான். கல்யாணமாகாத தாய்க்குப் பிறந்த பிள்ளை என்றால் தந்தையிடம் வாங்கிய பிணைப் பத்திரம் இருக்கலாம். ஞானஸ்நானத்தில் வராத தந்தையின் பெயர் அதில் இருக்கும். 1834-க்குப் பிறகு இந்த வேலை பாரிஷ்களின் ஒன்றியங்களுக்கும் அவற்றின் வொர்க்ஹவுஸுகள் எனப்பட்ட ஏழை விடுதிகளுக்கும் போய்விட்டது, ஆகவே அந்தப் பதிவுகளைத் தேடுங்கள்.

8. உயிலும் நிலமும்

1858 ஜனவரி 12 முதல் உயில்கள் அரசிடம். தேட ஒரே பட்டியல். அதற்கு முன் சர்ச் நீதிமன்றங்கள். சொத்து எங்கே எவ்வளவு என்பதைப் பொறுத்து நீதிமன்றம் மாறும். கீழே ஆயருக்கு அடுத்த நிலையிலுள்ள ஆர்ச்டீக்கனிடம் தொடங்கி மேலே கேன்டர்பரி, யார்க் பேராயர்களின் நீதிமன்றங்கள் வரை தேட வேண்டும். கேன்டர்பரி நீதிமன்றத்தின் உயில்கள் லண்டனின் கியூ பகுதியிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. உங்கள் ஆள் உயில் எழுதாவிட்டாலும் அவருடைய பிள்ளையில்லாத அத்தையின் உயிலைத் தேடுங்கள். பிள்ளையில்லாதவர்கள்தான் உறவினர் பெயர்களை வரிசையாக எழுதுவார்கள்.

பதிவேடு தொடங்குவதற்கு முன்னால் போகவும் வழி இவைதான். ஷேக்ஸ்பியரின் பெற்றோரின் திருமணப் பதிவு நம்மிடம் இல்லை. ஆனால் தாய்வழித் தாத்தா ராபர்ட் ஆர்டன் 1556-இல் எழுதிய உயிலில் வில்ம்கோட் நிலம் மகள் மேரிக்கு என்று இருக்கிறது. தந்தை ஜான் ஸ்ட்ராட்ஃபோர்டில் முதன்முதலில் தென்படுவது 1552-இல், ஹென்லி தெருவில் குப்பைமேடு போட்டதற்கு அபராதம் கட்டியவராக. ஊர் நீதிமன்றத்தின் அந்த ஒரு வரி இல்லையென்றால் அவர் எப்போது அந்த ஊருக்கு வந்தார் என்பதே தெரியாது.

1836-இன் சட்டத்துக்குப் பிறகு வரைந்த தசமபாக (விளைச்சலில் பத்தில் ஒரு பங்கைச் சர்ச்சுக்குக் கொடுக்கும் வரி) வரைபடங்களில் ஒவ்வொரு வயலுக்கும் எண், உரிமையாளர், குடியிருப்பவர், பரப்பு இருக்கும். மிட்லாண்ட்ஸில் பல ஊர்களுக்கு அவை இருக்காது. அங்கே பொது நிலங்களைத் தனியார் வயல்களாகப் பிரித்து வேலியிட்ட நில அடைப்பின்போதே தசமபாகம் தீர்க்கப்பட்டுவிட்டது, எனவே நில அடைப்புத் தீர்ப்புகளைப் பாருங்கள்.

9. சுவரில் முட்டினால்

ஞானஸ்நானமே இல்லாமல் திருமணமும் அடக்கமும் மட்டும் சர்ச்சில் இருந்தால், குடும்பம் பாப்டிஸ்ட், இண்டிபெண்டன்ட் போன்ற வேறு சபையைச் சேர்ந்ததா என்று பாருங்கள். 1754 முதல் 1837 வரை குவேக்கர்களும் யூதர்களும் தவிர எல்லாரும் ஆங்கிலத் திருச்சபையில்தான் கல்யாணம் செய்ய வேண்டும் என்பது சட்டம். அதனால் இந்த வித்தியாசம் வரும். அந்தச் சபைகள் அரசிடம் ஒப்படைத்த பதிவேடுகள் கியூவில் இருக்கின்றன.

இளைஞன் ஒருவன் 18, 19-ஆம் நூற்றாண்டில் ஊரிலிருந்து மறைந்துவிட்டால் கிழக்கிந்தியக் கம்பெனியையும் சந்தேகியுங்கள். சென்னை மாகாணத்தின் சர்ச் பதிவுகளின் நகல்கள் லண்டனுக்கு அனுப்பப்பட்டு, இன்று பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் இருக்கின்றன. ஆங்கிலோ இந்தியக் குடும்பத்தார் இதே கதவை எதிர்ப்பக்கமிருந்து திறக்க வேண்டும்: முதலில் சென்னைப் பதிவில் ஆளைப் பிடித்து, கம்பெனி ராணுவத்தில் சேர்ந்த பதிவில் அவர் சொந்தப் பாரிஷ் எழுதியிருக்கிறதா என்று பார்த்து, பிறகு மேலே சொன்ன 4-ஆம் படிக்கு வர வேண்டும்.

10. காப்பகத்துக்கு நேரில் போகும் நாள்

ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் பெரும்பாலும் இணையத்தில் கிடைத்துவிடும். 7, 8-ஆம் படிகளின் ஆவணங்களுக்குத்தான் கவுண்டி ஆவணக் காப்பகத்துக்குப் போக வேண்டியிருக்கும். போவதற்கு முன் அவர்களுடைய பட்டியலில் ஆவண எண்களை எடுத்து, முன்கூட்டியே சொல்லி வையுங்கள். சில பெட்டிகள் வேறு கிடங்கில் இருக்கும், அன்றே வராது. பல இடங்களில் வாசகர் அட்டைக்கு முகவரிச் சான்று கேட்பார்கள். பேனா அனுமதி இல்லை, பென்சில் மட்டும். படம் எடுக்கக் கட்டணம் உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் ஏழைகளின் விசாரணைத் தாள்களைக் கேளுங்கள், பிறகு சர்ச்சின் வரவு செலவைப் பார்த்த சர்ச் வார்டன்களின் கணக்குகள், நேரம் மிஞ்சினால் நிலப் பத்திரங்கள். ஒவ்வொரு படமும் எடுக்கும் முன் ஆவண எண் எழுதிய துண்டுச் சீட்டை அதன் ஓரத்தில் வையுங்கள். இல்லையென்றால் வீட்டுக்கு வந்ததும் இருநூறு படங்களில் எது எந்தப் பாரிஷ் என்று தெரியாமல், அதே பெட்டியை மறுபடி கேட்கப் போக வேண்டியிருக்கும்.